மேலூர்ச் சீட்டு சென்னையைச் சுற்றித்தான் மதுரைக்கு வர வேண்டுமா?

பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் மேலூர்ப் பக்கம் நடவு தொடங்கும்; நடவோடு பாம்புக்கடியும் தொடங்கும். வரப்பில் நடந்துபோன ஒருவரைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலூர் அரசு மருத்துவமனையில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்க்கிறார்கள். உறையவில்லை. விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றுகிறார்கள். ஈறில் ரத்தம் கசிகிறது, சிறுநீர் குறைகிறது. 108 ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

பெரியாஸ்பத்திரி இருக்கும் பனகல் சாலையில் வண்டி வந்து நிற்கும்போது பணியில் இருக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்: கடித்தது எப்போது, மருந்து ஏறத் தொடங்கியது எத்தனை மணிக்கு, மொத்தம் எத்தனை குப்பி. முதல் சுற்று மருந்துக்குப் பிறகு 6 மணி நேரம் கழித்து ரத்தம் உறைகிறதா என்று மறுபடி பார்த்துத்தான் அடுத்த சுற்றை முடிவு செய்ய வேண்டும். அந்த 6 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறோம் என்ற வழக்கமான ஆங்கில வாசகமும், ஏ.எஸ்.வி. (விஷமுறிவு மருந்து) கொடுத்தாயிற்று என்ற குறிப்பும் சீட்டில் இருக்கும். நேரம் சில சமயம் இருக்கும். சில சமயம் மடிப்பில் வியர்வை பட்டு அழிந்திருக்கும். கூட வந்த மச்சான், "அங்கேயே நெறைய பாட்டில் ஏத்திட்டாங்க சார்" என்பார். அவர் பார்த்தது குளுக்கோஸ் பாட்டிலாகவும் இருக்கலாம்.

இதே பாம்புக்கடி இன்னொரு பக்கமும் பயணிக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நல்ல முடிவு. எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில், எத்தனை கடி என்பது சென்னைக்குத் தெரிந்தால்தான் எந்த மருத்துவமனையில் எவ்வளவு மருந்து இருப்பு வைப்பது என்று திட்டமிட முடியும்.

ஆக, ஒரே கடியிலிருந்து இரண்டு தகவல்கள் கிளம்புகின்றன. எண்ணிக்கை சென்னைக்குப் போக வேண்டும். அதற்கு நோயாளியின் பெயர்கூடத் தேவையில்லை, நாளைக்குப் போனாலும் குடிமுழுகிவிடாது. குப்பிக் கணக்கு பனகல் சாலைக்குப் போக வேண்டும். அது வண்டிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், வேறு யாருக்கும் அது தேவையில்லை. மின்னணு மருத்துவப் பதிவுகளைப் பற்றி நாம் நடத்தும் பேச்சில் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். எல்லாத் தகவலையும் மேலே அனுப்பிவிட்டால் அது தானாகக் கீழே இறங்கி வேண்டிய இடத்துக்கு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த ஏற்பாடு ஏன் வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு கட்சிகள்

இந்த விவாதத்தில் உலகம் முழுக்க இரண்டு கட்சிகள் உண்டு. எல்லாருடைய பதிவுகளையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால் எந்த மருத்துவரும் எங்கிருந்தும் எடுத்துப் பார்க்கலாம் என்பது முதல் கட்சி. சிங்கப்பூர் 2011-இல் தேசிய மின்னணு மருத்துவப் பதிவேட்டைத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். பதிவு எங்கே எழுதப்பட்டதோ அங்கேயே இருக்கட்டும், தேவைப்படும்போது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு நேராகப் போகட்டும் என்பது மறு கட்சி. டென்மார்க் 1994-இல் மெட்காம் என்ற அமைப்பைத் தொடங்கியபோது முதலில் களஞ்சியம் எதையும் கட்டவில்லை. மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, பரிந்துரைக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி என்று அன்றாடம் கைமாறும் சில தாள்களுக்கு மட்டும் பொதுவான மின்னணு வடிவம் வகுத்தது. யார் எந்தக் கம்பெனியின் மென்பொருளை வைத்திருந்தாலும் அந்த வடிவத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிய வேண்டும் என்பதே விதி. நாடு சின்னது, பணம் உள்ளது, நம்மோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஒப்பிட வேண்டியது பணத்தை இல்லை, எதிலிருந்து தொடங்கினார்கள் என்பதைத்தான். நாம் ஆளுக்கொரு அடையாள எண்ணிலிருந்து தொடங்கினோம், அவர்கள் சீட்டிலிருந்து தொடங்கினார்கள்.

நெதர்லாந்தில் வேறு கதை. மருத்துவர்களின் பதிவுகளை நாடு முழுவதற்குமான ஒரே இணைப்பகத்தின் வழியாகத் திறந்துவிடும் சட்ட முன்வரைவை 2011 ஏப்ரலில் அந்த நாட்டு மேலவை ஒருமனதாக நிராகரித்தது. பிறகு மருத்துவத் துறையினரின் அமைப்புகளே அந்த இணைப்பகத்தை எடுத்து, நோயாளி வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு நடத்தத் தொடங்கின.

இந்தியா எந்தக் கட்சி? 2018-இல் நிதி ஆயோக் ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டது. 2019-இல் அதற்கு வரைபடம் வந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை ஓட்டம். 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுதும். ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் 14 இலக்க ஆபா எண் இதன் விளைவுதான். ஒரே எண்ணில் உங்கள் மருத்துவ வரலாறு முழுவதும் என்று மேடையில் பேசுவதைக் கேட்டு, நம் ரத்தச் சர்க்கரையெல்லாம் டெல்லியில் ஒரு சர்வரில் குவிந்து கிடக்கிறது என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வடிவமைப்பு அப்படி இல்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

மதுரை கே.கே. நகரில் ஒரு இதய மருத்துவர், நீங்கள் மூன்று வருடத்துக்கு முன் கோவையில் எடுத்த எக்கோ அறிக்கையைப் பார்க்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவருடைய மென்பொருளிலிருந்து ஒரு கோரிக்கை போகிறது: எந்தத் தகவல், எதற்காக, எந்தக் காலத்துப் பதிவுகள், எத்தனை நாள் வைத்திருப்பார். நடுவில் இருப்பது ஒப்புதல் மேலாளர் எனப்படும் அமைப்பு. அது கோரிக்கையை உங்கள் கைப்பேசிக்குத் தள்ளுகிறது. நீங்கள் சரி என்று அழுத்தினால், அந்தச் சம்மதச் சீட்டு கோவை மருத்துவமனைக்குப் போகிறது. கோவையின் கணினி அறிக்கையைப் பூட்டி, கே.கே. நகர் மருத்துவரின் கணினியால் மட்டுமே திறக்கக்கூடிய சாவியோடு, நேராக அவருக்கு அனுப்புகிறது. நடுவில் இருப்பவருக்குச் சம்மதம் தெரியும். உள்ளே இருக்கும் எக்கோ தெரியாது. பதிவு கோவையிலேயே இருக்கிறது, படி மட்டும் மதுரைக்கு வந்திருக்கிறது. யூபிஐ-யில் பணம் மையத்தில் தங்காமல் வங்கியிலிருந்து வங்கிக்குப் போவதைப் போல என்று இதை வடிவமைத்தவர்கள் சொல்வதுண்டு. ஏட்டளவில் அது உண்மைதான்.

ஏட்டில் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, நடுவில் இருப்பவரிடம் பதிவு இல்லாவிட்டாலும் விலாசப் புத்தகம் இருக்கிறது. இந்த எண்ணுக்கு உரியவர் எந்தெந்த மருத்துவமனையில் எப்போது போய்ப் பதிந்தார் என்ற இணைப்பு விவரம் இல்லாமல் கோரிக்கையை எங்கே அனுப்புவது? தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்குப் போய்வந்தவர், ஒரு மனநல மருத்துவமனைக்கு நான்கு தடவை போனவர், எச்ஐவிக்கான ஏ.ஆர்.டி. மையத்தில் மாதாமாதம் மருந்து வாங்குபவர் என்றால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வேறு படிக்க வேண்டுமா? பெண் பார்க்கப் போகிற வீட்டிலும் வேலைக்கு எடுக்கிற கம்பெனியிலும் விலாசமே போதும்.

இரண்டாவது, எண்ணைச் சேர்ப்பதில் காட்டிய வேகம். 2021-இல் கோவிட் தடுப்பூசிச் சான்றிதழை இறக்கிப் பார்த்த பலர் அதில் தங்களுக்கென்று ஒரு சுகாதார எண் அச்சாகியிருப்பதைக் கண்டார்கள். அதற்கு எப்போது சம்மதித்தோம் என்பது அவர்களுக்கு நினைவில்லை. தாமாக விரும்பி எடுப்பது என்று கொள்கை சொல்கிறது. ஆதாரைக் காட்டி ஊசி போட்ட வரிசையில் விருப்பம் எந்த இடத்தில் கேட்கப்பட்டது? 2025 தொடக்கத்தில் ஆபா எண்கள் 70 கோடியைத் தாண்டின. அந்த எண்ணைக் கொண்டு நம்மில் பெரும்பாலோர் செய்திருப்பது, ஓபி வரிசையில் க்யூஆர் கட்டத்தைக் காட்டி டோக்கன் எடுத்தது. வரிசை குறைந்தது நல்லதுதான். ஆனால் மேலூர்ச் சீட்டில் அழிந்துபோன நேரம் அழிந்தபடியே இருக்கிறது.

தேனியில் எரிந்த ரூட்டர்கள்

மையத்தில் குவிப்பதன் ஆபத்தைச் சொல்ல உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் குழுமத்தில் புகுந்தவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நாட்டின் பிரதமர் வாங்கிய மருந்துப் பட்டியலும் அதில் அடக்கம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் முடங்கின. நாட்டின் முதன்மை மருத்துவமனை கிட்டத்தட்ட இரண்டு வாரம் பேனாவும் தாளுமாக ஓடியது. ஒரே கூடையில் எல்லா முட்டையும் என்ற வாதம் அங்கே தானாக நிரூபணமானது.

ஆனால் சிதறிக் கிடப்பதே பாதுகாப்பு என்று சொல்பவர்களோடும் என்னால் போக முடியவில்லை. அதே 2022 டிசம்பரில் திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் தகவல்கள் இணையத்தில் விலை பேசப்பட்டதாக இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று சொன்னது. கசிந்த வழி, மருத்துவமனைக்கு மென்பொருள் வேலை செய்துகொடுத்த வெளி நிறுவனம் என்பதும் அதன் கணிப்பு. எய்ம்ஸுக்காவது காவல் துறையும் மத்திய அமைப்புகளும் ஓடிவந்தன. சிம்மக்கல்லிலோ உசிலம்பட்டியிலோ 20 படுக்கை வைத்திருக்கும் நர்சிங் ஹோமில் சர்வர் என்பது வரவேற்பு மேசைக்குக் கீழே, காலில் இடிபடும் ஒரு பெட்டி. அதன் பக்கத்தில்தான் சாப்பாட்டுக் கேரியர் இருக்கும். மின்தடை வந்தால் யூபிஎஸ் கூவும். சாயங்காலம் ஊழியர் வீட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போவார். பதிவு பிறந்த இடத்திலேயே இருக்கட்டும் என்ற கொள்கையின்படி இந்தப் பெட்டிதான் ராத்திரி 2 மணிக்கு விழித்திருந்து மதுரைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கடைசி முனையில் என்ன நடக்கும் என்பதை இந்த வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு முன்பே ஒரு மருத்துவமனை பட்டுத் தெரிந்துகொண்டது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004-இல் அம்பாசமுத்திரத்தில் தன் முதல் கிராமக் கண் மையத்தைத் திறந்தது. கண் மருத்துவர் அங்கே இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் பரிசோதிப்பார், மருத்துவர் தொலைவிலிருந்து திரையில் பார்ப்பார். தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள மையங்களுக்கு நம்பகமான இணையம் கிடையாது என்பதால், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கோபுரங்களில் ஒரே திசையில் அலை வீசும் ஆன்டெனாக்களை ஏற்றி, சாதாரண வைஃபை அலையையே பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பாய்ச்சினார்கள். மருத்துவமனைக்கும் மையத்துக்கும் நேரடி வழி. நடுவில் தொலைபேசிக் கம்பெனிகூடக் கிடையாது.

அலை நன்றாகத்தான் போனது. பிரச்சினை வந்தது மின்சாரத்தில். மின்னழுத்தம் எகிறியதிலும் தாழ்ந்ததிலும் ரூட்டர்கள் எரிந்தன, அடாப்டர்கள் செத்தன, நினைவட்டைகள் கெட்டன. எது போயிற்று என்று தேனியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாததால் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அந்த ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைகளில் அலைநுட்பத்துக்கு இணையாக மின்சாரத்தைப் பற்றி எழுதினார்கள்: மின்னழுத்தம் குறைந்தால் தானே அணைந்து பின் எழும் கருவி, சூரிய மின்சாரத்துக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி, பழுதை உள்ளூர் ஊழியரே கண்டறியப் பயிற்சி. கண் மையங்கள் நூறைத் தாண்டி வளர்ந்து இன்றும் ஓடுவதற்குக் காரணம் யாரோ அந்தக் கடைசிப் பெட்டிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அரவிந்தில் இரண்டு முனையும் ஒரே நிர்வாகத்துக்குச் சொந்தம். மருத்துவர், ஊழியர், மென்பொருள், செலவு எல்லாம் ஒரே கணக்கு. மேலூருக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அப்படி இல்லை. அரசு என்று வெளியே ஒரே பெயர்ப்பலகை. உள்ளே ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்ககம், தாலுகா மருத்துவமனை இன்னொரு இயக்ககம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றாவது இயக்ககம். உலக வங்கி உதவியோடு 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளுக்குக் கணினிப் பதிவு வந்தது. பிரசவத்துக்குப் பிக்மி, காசநோய்க்கு நிக்ஷய், 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்துக்குத் தனிச் செயலி என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் மேல் நோக்கியே பார்க்கிறது. பக்கத்தில் பார்ப்பதற்கு எதையும் யாரும் கட்டவில்லை.

பிக்மியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்கிறார். அந்த எண் இருந்தால்தான் மகப்பேறு நிதியுதவி வரும், பிறப்புச் சான்றிதழும் வரும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு கர்ப்பமும் கணக்கில் வருவதற்கு இந்தப் பிடி ஒரு காரணம். மையப் பதிவேடு செய்யக்கூடிய நல்ல வேலைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நிக்ஷயும் அப்படியே. 2012-இல் காசநோய் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயானதும், தனியார் மருத்துவரிடம் போகும் நோயாளி பாதியில் மருந்தை நிறுத்தினால் அரசுக்குத் தெரியும் வாய்ப்பு உண்டானது. இவற்றை எதிர்ப்பவன் இல்லை நான். ஆனால் செவிலியரிடம் போய்க் கேளுங்கள்: பகலில் வீடு வீடாகப் போய் எழுதியதை ராத்திரி செயலியில் ஏற்றுகிறார். பதிவேற்றச் சுமையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் போராடியதும் உண்டு. அவர் மேலே அனுப்பும் தகவலில் அவருக்கே பயன்படும்படி கீழே திரும்பி வருவது என்ன? அவர் பார்த்த கர்ப்பிணிக்குப் பெரியாஸ்பத்திரியில் பிரசவத்தின்போது என்ன சிக்கல் வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், எப்போது வரச் சொன்னார்கள் என்பது அந்தப் பெண்ணின் கட்டைப்பையில் இருக்கும் தாளில்தான் தெரிகிறது.

இந்த ஓட்டையை வாட்ஸாப் அடைத்துக்கொண்டிருக்கிறது. தாலுகா மருத்துவமனையிலிருந்து ஈசிஜியைப் படம் பிடித்து மதுரையில் தெரிந்த மருத்துவருக்கு அனுப்புகிறார்கள். சிடி ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படமெடுத்து அனுப்புகிறார்கள். "சார், உடனே அனுப்புங்க" என்று இரண்டு நிமிடத்தில் பதில் வருகிறது. எத்தனையோ உயிர் இதனால் பிழைத்திருக்கும். முனையிலிருந்து முனைக்கு நேரடித் தொடர்பு என்று அறிஞர்கள் வரைந்துகாட்டும் படத்தை நம் டாக்டர்கள் எந்த உத்தரவும் இல்லாமல் நடைமுறையில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதன் குறைகளும் தெரிந்தவைதான்: நோயாளியின் பெயரோடு படம் யார் யார் கைப்பேசியிலோ தங்குகிறது, சிகிச்சைப் பதிவில் ஏறுவதில்லை, தெரிந்த மருத்துவர் இருந்தால்தான் வழி திறக்கிறது. அந்த மருத்துவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டால் வழியும் மாற்றலாகிவிடும்.

சாத்தூர் சொன்னது

தகவல் இருந்தும் போய்ச்சேராததன் விலையை இந்த வட்டாரம் ஒரு முறை மிகக் கொடூரமாகக் கொடுத்திருக்கிறது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கிருமி இருந்த ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து. கொடுத்த இளைஞர் 2016-லும் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் கிருமி தெரிந்துவிட்டது. அந்தச் செய்தி அவரைச் சென்றடையவில்லை. தெரியாமலே 2018-இல் உறவினருக்காக மறுபடி கொடுத்தார்; இம்முறை ரத்தம் சோதனையைத் தாண்டிப் போய்விட்டது. வேலை விஷயமாக எடுத்த மருத்துவப் பரிசோதனையில் தனக்குக் கிருமி இருப்பது தெரிந்ததும், யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று அவரே ரத்த வங்கிக்குப் போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாயிற்று. அந்த மாத இறுதியில் அவர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார், தானே தேடிக்கொண்ட முடிவில். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இதைக் கேட்டதும் முதல் கட்சிக்காரர் சொல்வார்: எல்லா ரத்த வங்கிகளையும் ஒரே மையத்தில் இணைத்திருந்தால் 2016-ஆம் ஆண்டுப் பதிவு திரையில் சிவப்பாக எரிந்திருக்கும். இருக்கலாம். ஆனால் எச்ஐவி உள்ளவர்களின் பெயர்ப்பட்டியலை மாநிலம் முழுக்க எல்லா ரத்த வங்கித் திரையிலும் எரியவிட்டால் அடுத்த விபத்து எப்படி இருக்கும்? அப்படி வெளியாகக் கூடாது என்பதற்காகத்தான் 2017-இல் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் ரகசியத்தைக் கட்டாயமாக்கியது. எனக்கு இந்த வழக்கில் திரும்பத் திரும்ப உறுத்துவது வேறு. இத்தனை பதிவேடுகளுக்கும் நடுவில் தகவலை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முயன்ற ஒரே ஆள், அதைக் கடைசியில் தெரிந்துகொண்ட அந்த இளைஞர்தான். 2016-லேயே அவர் கைக்கு அது போயிருந்தால் அவர் ரத்தம் கொடுத்தே இருக்க மாட்டார், மருந்தும் தொடங்கியிருப்பார்.

மருத்துவப் பதிவு நேராகப் போக வேண்டிய முதல் விலாசம் நோயாளியுடையது என்று நான் சொல்வது இதனால்தான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்; நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். எம்.ஆர்.டி.யில் (மருத்துவப் பதிவுப் பிரிவில்) போய்ப் பாருங்கள் என்பார்கள், அங்கே போனால் இன்சூரன்ஸுக்கா கேஸுக்கா என்பார்கள். மருத்துவமனைகள் நோயாளி கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியைச் செல்லரிக்காத தாளில், படிக்கக்கூடிய அச்சில், ஒரு க்யூஆர் கட்டத்தோடு கொடுத்தால், ஆபா எண் இல்லாத ஆளும் தன் பதிவைத் தானே சுமந்துபோகலாம். எல்லா சர்வரும் எரிந்த நாளிலும் கட்டைப்பை வேலை செய்யும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். மையத்தில் மருத்துவமனைகளின் விலாசப் புத்தகமும் விதிமுறையும் இருக்கட்டும், எண்ணிக்கைகளும் போகட்டும். சிகிச்சைக் குறிப்பு அங்கே போக வேண்டாம். மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர் அரசு மருத்துவமனைகளுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் இடையே இரண்டே இரண்டு தாள்களை முதலில் மின்னணுவாக்குங்கள்: மேலே போகும் ரெஃபரல் சீட்டு, கீழே திரும்பும் டிஸ்சார்ஜ் சம்மரி. அதற்குப் பத்துப் பக்கப் படிவம் வேண்டாம். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்கு வழிகாட்டி. உடல் எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தே விஷயங்களை நோய் தெரிந்த அன்றே பார்த்து, ஒரு தாளில் குறித்து, யாரை உடனே படுக்கையில் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். அதிநவீனம் எதுவும் இல்லை. தேவையான ஐந்து தகவல், தேவையான நாளில், தேவையான ஆள் கையில். பாம்புக்கடிக்கு ஒரு ஐந்து, வலிப்போடு வரும் கர்ப்பிணிக்கு ஒரு ஐந்து, மாரடைப்புக்கு ஒரு ஐந்து என்று பெரியாஸ்பத்திரி மருத்துவர்களும் தாலுகா மருத்துவர்களும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் எழுதிவிடலாம்.

நினைவில்லாமல் வருபவரிடம் சம்மதம் எப்படி வாங்குவது என்ற கேள்வி வரும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. விதிமுறைகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. அதே சட்டம் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. மேசைக்கடியில் பெட்டி வைத்திருக்கும் நர்சிங் ஹோம்காரர் இதைக் கேட்டு எந்தப் பதிவையும் கணினியில் ஏற்றாமல் இருப்பதே உத்தமம் என்று முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தேவை மிரட்டல் இல்லை. அந்தப் பெட்டியை அவர் சார்பில் பாதுகாப்பாக வைத்திருந்து, சாவியை அவரிடமே கொடுக்கும் ஒரு மாவட்ட அளவிலான ஏற்பாடு. இந்திய மருத்துவச் சங்கத்தின் மதுரைக் கிளை நடத்தினாலும் சரி, அரசு நடத்தினாலும் சரி. களஞ்சியம் கூடாது என்று சொல்லிவிட்டு மாவட்டத்தில் ஒன்று கட்டச் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். ஆமாம், சொல்கிறேன். இருபது பூட்டுகளை ஒரு கட்டடத்தில் வைப்பது வேறு, இருபது பேருக்கும் ஒரே பூட்டைப் போடுவது வேறு.

பணமும் இருக்கிறது, தப்பான இடத்தில். 2023 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம், குறைந்தது 10 படுக்கை உள்ள மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும், இணைக்கும் பதிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் கொடுத்தது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எண்ணிக்கை வரும். வெற்று ஓபி சீட்டும் ஒரு பதிவு, 12 பக்க அறுவைச் சிகிச்சைக் குறிப்பும் ஒரு பதிவு. அனுப்பிய பதிவை மறுமுனையில் ஒரு மருத்துவர் திறந்து பார்த்தால் மட்டும் காசு என்று மாற்றட்டும். அனுப்புகிறவர் என்ன அனுப்புகிறோம் என்று யோசிக்கத் தொடங்குவார்.

தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2022-இல் மாணவர்களை ராமநாதபுரத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தத் தொடங்கிய அந்த நிறுவனம் முழு அளவில் இயங்கும்போது தென்மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் சீட்டுகள் அங்கே போகும். டெல்லி எய்ம்ஸின் இரண்டு வாரத்தைப் பார்த்த பிறகு, அதற்கு மென்பொருள் வாங்கும் டெண்டரை யார் எழுதுகிறார்களோ அவர்களிடம் கேட்க எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. திருமங்கலம் அரசு மருத்துவமனை அனுப்பும் சீட்டை உங்கள் கணினி டெல்லியைக் கேட்காமல் நேராக வாங்குமா? சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் சம்மரி, அவர் பேருந்து பிடிப்பதற்குள், அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அங்குள்ள செவிலியருக்கும் போய்ச் சேருமா? இந்த இரண்டு வரியும் டெண்டரில் இல்லையென்றால், கையெழுத்தாகும் முன்பே மதுரை நாடாளுமன்ற உறுப்பினரும் விருதுநகர் நாடாளுமன்ற உறுப்பினரும் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம்.